சுண்ணக்கட்டிப் படகு

லான்மடாவ் தெருக் கடையின் பலகைத் தரையில் ஜமால் சுண்ணக்கட்டியால் படகொன்று வரைந்திருக்கிறான். மழைக்காலம் முடிந்த வெயில் அதன் பாதியில் விழுகிறது. அடுத்த வாரம் த்வாண்டே கால்வாய் தாண்டி, ஆளரவமற்ற ஏரிகளில் படகு வலித்து, கரையில் கூடாரமடித்துத் தங்குவது அவன் திட்டம். வருகிறேன் என்று நண்பன் வடிவேல் இன்னும் சொல்லவில்லை. என்றாலும் கோட்டுக்குள் ஜமாலுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். நடுவே கூடாரத் துணி, கெட்டில், லாந்தர். சோற்றுப்பானைக்கு மட்டும் இடமில்லை. அது ஜமாலின் மடியில் இருக்கிறது.

"இப்படியே துடுப்புப் போட்டா நாம போய்ச் சேந்த மாதிரிதான், மாப்ள."

வடிவேலின் முழங்காலுக்கு முன்னால் ஓராள் உட்காரும் இடம் காலியாகக் கிடக்கிறது. அது அவன் மனைவி நீலாம்பாளின் இடம். அவள் இறந்தபின் அவன் படகேறவில்லை. ஜமால் அந்த இடத்தைப் பார்க்கிறான், பானையை மடியிலேயே வைத்துக்கொள்கிறான்.

ஜமாலின் அக்கா நூர் பீவி தேநீரோடு வந்து கோட்டருகே நின்றுவிடுகிறாள்.

"ஏன் தம்பி, தண்ணி ஆழமா? சேலை நனைஞ்சிருமே."

வடிவேல் சிரித்துவிடுகிறான். படகு கவிழாதபடி மெல்லச் சாய்ந்து கோப்பையை வாங்குகிறான். ஒரு வாய் குடித்துவிட்டு, முன்னாலிருக்கும் காலிப் பலகையைத் தட்டுகிறான்.

"பானைய இங்க வை."