ஒரு சாண் நார்த்தூள்

“பாம்புக்குப் படுக்கை வேணும்” என்றார் சுகிர்னோ.

யோக்யகர்த்தா பறவைச் சந்தையில் பாம்புக்கடை வைத்திருக்கும் தெகுவுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது.

“உங்க பையன் நம்மகிட்டதானே மலைப்பாம்புக் குட்டி வாங்கினான்? பழைய பேப்பரே போதும்ணே. நனைஞ்சா எடுத்துப் போட்டுடலாம்.”

“பேப்பர்ல எல்லாம் வெட்டவெளியாத் தெரியும். உள்ளே பூந்துக்கிற மாதிரி ஏதாவது குடு.”

“அப்ப தேங்காய் நார்த்தூள்தான். ஒரு சாண் போட்டா வால் நுனிகூடத் தெரியாது. ஏண்ணே, வேடிக்கை பாக்கத்தானே பாம்பே வளர்க்குறோம்? பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பொண்ணைக் காட்டாத ஆளா இருக்கீங்களே!”

சுகிர்னோ சிரிக்கவில்லை. “அதையே கட்டு.”

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடித் தொட்டியில் நார்த்தூளைக் கொட்டினார். ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மேடாகக் குவித்துவிட்டார். முடிக்கும்போதே போன் அடித்தது. திரையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாய் இளைத்துக் கிடந்தான் மகன் பாயு.

“அப்பா, இன்னைக்காவது குட்டியைக் காட்டுங்கப்பா.”

“புதுப் படுக்கைடா. சொகமா உள்ளே பூந்துக்கிச்சு. வெளியவே வர மாட்டேங்குது.” போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார்.

பாம்புதான் பையனின் உயிரை உறிஞ்சுகிறது, அதைக் கொன்றால் காய்ச்சல் இறங்கிவிடும் என்று மந்திரிக்கிறவர் சொல்லியிருந்தார். போன வாரமே சுகிர்னோ தன் கையாலேயே அதை வெட்டிப் புதைத்துவிட்டார். காய்ச்சல் இறங்கவில்லை.

வாயைப் பொத்திக்கொண்டும் அவரிடமிருந்து ஒரு விசும்பல் வெளியே வந்துவிட்டது.

பாயு வெகுநேரம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தோ... வால் அசையுதுப்பா. நான் பாத்துட்டேன். நீங்க அழாதீங்க.”