கனமான பீம்

"இன்ஜினியரம்மா, நான் கட்டுறது எட்டு மாடி வீடு. உங்க பீமைப் பார்த்தா ரயில் பாலம் மாதிரில்ல இருக்கு!"

ஹாஜி யதுல்லா வரைபடத்தை விரலால் தட்டினார். ஃபிரெஷ்தேவுக்குக் கண் எரிந்தது. தெஹ்ரானில் வீடு கட்டி விற்கிறவர்கள் எல்லோரும் அவளிடம் பாடுவது இதே பாட்டுதான். பீமை இளைக்க வை, இல்லாவிட்டால் வேறு இன்ஜினியரிடம் போகிறேன். இந்த மாதம் இரண்டு பேர் அப்படிப் போய்விட்டார்கள். அந்த வீடுகளில் குடியேறப் போகிறவர்களை நினைத்தால் அவளுக்குத் தூக்கமே வருவதில்லை.

"கீழேயிருந்து ரெண்டு சாய்வுச் சட்டம் ஏறி வந்து பீமோட நடுவுல சேருது, பாருங்க" என்றாள், ஆயிரமாவது முறையாக. "பூமி ஆடினா கட்டடம் சாயாமப் பிடிக்கிறது இந்தச் சட்டங்கதான். ரொம்ப ஆடினா அதுல ஒண்ணு மடங்கிடும். இன்னொண்ணு பீமைக் கீழே இழுக்கும். அப்பவும் பீம் நிக்கணும்."

"அப்போ சட்டம் போயிட்டாலும் மாடியை பீம் தாங்கிடுமா?"

"தாங்கும் ஹாஜி."

"சத்தியமா?"

"என் பிள்ளை மேல சத்தியமா. அதுக்குத்தான் இந்தக் கனம். என்னை விடுங்களேன்!"

ஹாஜி சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார். வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. உங்க வார்த்தை என் கண்ணு மேல. பீமுல ஒரு கிலோகூடக் குறைக்க மாட்டேன்."

அவளால் நம்பவே முடியவில்லை. அப்பாடா, ஒருத்தராவது காது கொடுத்துக் கேட்டாரே! அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறு வருடம் ஹாஜியே வற்புறுத்தி அழைத்துப்போய்க் கட்டடத்தைக் காட்டினார். மாடிக்கு மாடி துணி காய்ந்தது. குழந்தைகள் படியில் ஓடின. பீம்கள் அவள் சொன்ன கனத்திலேயே இருந்தன. வீட்டுக்கு வீடு சுவர் அகலத்துக்கு ஜன்னல், உள்ளே வெயில் கொட்டியது.

ஃபிரெஷ்தேவின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வெளுத்தது.

"ஹாஜி... இந்த ஜன்னல் இருக்கிற இடத்துல சாய்வுச் சட்டம் வரணுமே?"

ஹாஜிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அது போனாலும் தாங்கும்னு நீங்கதானேம்மா பிள்ளை மேல சத்தியம் பண்ணீங்க? அதான், எட்டு மாடியிலயும் ஒண்ணுகூட வைக்கல!"