வாயால் பற்றியவை

ஓடைத் தேரைகள் வாழும் காட்டில் நீரைத் திருப்பக் கூடாது என்பது விதி. ஆய்வுக்கு வந்த கோமளம் நான்கு நாட்கள் மடுக்களை வலையால் அரித்துப் பார்த்து, ஒரு தலைப்பிரட்டைகூட இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாள். அந்தத் தாளை நம்பி, ஓடையைக் குழாய்க்குத் திருப்ப ஒப்பந்தக்காரர் சவரிராயனின் ஆட்கள் குறுக்கே பலகைகளை இறக்கினார்கள். கீழே ஓடை விழும் அருவி இளைத்தது. அதுவரை நுரைக்குள் கிடந்த பாறை வெளியே வந்தது. அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். கோமளம் ஒன்றைத் தொட்டாள். வால் துடித்தது. நகத்தால் நெம்பினாள். உடல் நீண்டதே தவிர, பாறையைக் கவ்விய வாய் வரவில்லை.

“அண்ணே, பலகையை எடுங்க. தலைப்பிரட்டை எல்லாம் இங்க ஒட்டிக்கிட்டு இருக்கு. காஞ்சா செத்துடும்.”

“ஒண்ணுமே இல்லேன்னு நீங்கதானே மேடம் எழுதிக் கொடுத்தீங்க?”

“தப்பு. தேங்கின தண்ணியில மட்டும் தேடிட்டேன்.”

“நல்லா இருக்கே! ஆபீசுக்கு யாரு பதில் சொல்றது?” என்றபடி சவரிராயன் இறங்கி வந்து குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். “வாயாலயே புடிச்சிருந்தா எப்படித் திங்கும்?”

“பாசியைச் சுரண்டித் திங்கும்னு நினைக்கிறேன். நான் பாத்ததில்ல.”

அவர் மேலே ஏறி ஒரே ஒரு பலகையை உருவினார். நீர் பாறைமேல் பாய்ந்தது. ஒரு புள்ளி, பிடியை விடாமலே, நீரை எதிர்த்து நகத்தளவு ஏறியது.

“பலகையைத் திரும்பப் போட்டுடலாமாண்ணே?” என்று கேட்டான் ஓர் ஆள்.

“இருடா,” என்றார் சவரிராயன். “அது எங்க போகுதுன்னு பாக்கணும்.”