திருட்டு முழி

“பச்சைப் புள்ளைங்க சோத்துல கை வெச்சிருக்கான் பாரு! இவனெல்லாம் உருப்படுவானா?”

டிவியைப் பார்த்து மாமனார் பொரிந்து தள்ளினார். ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றின் நன்கொடையைச் சுருட்டிவிட்டதாக அதன் தலைவர்மேல் புகார். நான்கு பேர் உட்கார்ந்து காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

“வேற ஏதாவது பார்க்கலாமே மாமா” என்று மருமகள் ரிமோட்டைத் தேடினாள். அவர் அதைத் தொடைக்கடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

“இரும்மா. அந்தக் குழந்தைங்களுக்கு யார் இருக்கா? நாமதானே கேட்கணும்?”

திரையில் அந்தத் தலைவரின் பழைய படம் வந்தது. கறுகறுவென்று மீசை, இரண்டு கைகளிலும் குழந்தைகள்.

“முழியைப் பாரு, திருட்டு முழி! பார்த்தாலே தெரியலை?”

மருமகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது. வந்தவர் வக்கீல்.

“மறதி நோய்தான்னு டாக்டர் உறுதியாச் சொல்லிட்டார் சார்” என்றாள் மருமகள் வாசலிலேயே, தாழ்ந்த குரலில். “நாலஞ்சு வருஷமாவே இருந்திருக்குமாம். கூட இருந்தவங்க நீட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கார். வீட்டுல இருந்த எங்களுக்கே தெரியாமப் போச்சு.”

வக்கீல் உள்ளே வந்து பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஐயா, நாளைக்கு நீங்க கோர்ட்டுக்கு வரணும். நீங்க நடத்தின இல்லத்து கேஸ்.”

பெரியவர் திரையைக் கை காட்டினார். “இவன் கேஸா? கண்டிப்பா வரேன். கூண்டுல ஏறி நானே சாட்சி சொல்றேன். இவனை மட்டும் விட்டுடாதீங்க தம்பி!”