ஓரத்து எண்கள்
தை மாதக் காலை வெயில் வேங்கிக்கால் வீட்டுக் குளியலறை ஜன்னலில் விழுகிறது. தான் எடுத்து, கணவன் மாறன் கழுவிய நெகட்டிவ்வை மணிமொழி அதில் பிடித்துப் பார்க்கிறாள். நெகட்டிவ்வில் கருத்திருக்க வேண்டிய வானம்கூட வெளிறி, மலையோடு ஒட்டிக் கிடக்கிறது. "உனக்கு வெளிச்சமே பார்க்கத் தெரியல. நாளைக்கு உன் தங்கச்சி கல்யாணத்துல கேமராவ நானே புடிக்கறேன்," என்கிறான் அவன், துண்டில் கையைத் துடைத்தபடி. அவள் மூக்கு நுனி சிவக்கிறது. ஈரம் சொட்டும் பிலிமின் ஓரத்தை அவன் கண்ணருகே நீட்டுகிறாள். "இந்த நம்பருங்க கம்பெனியிலயே பதிச்சது. அதுவும்தான் மங்கிக் கெடக்கு. அதையும் நானா எடுத்தேன்? இந்தக் குளுர்ல பிலிம் கழுவுற மருந்த பச்சத்தண்ணியில கலக்கினது யாரு? சில்லுனு இருந்தா அது எப்படிங்க வேலை செய்யும்?" அவன் மருந்து பாட்டிலைத் தொட்டுப் பார்க்கிறான். அவள் கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். "கழுவ இன்னொரு ரோல் இருக்கு. போய் அடுப்புல தண்ணி வைங்க."