கசிவு நீர்: தெளிவு

பாட்டிலை அவர் மேசைமேல் டொக்கென்று வைத்தேன். அணையின் அடிவாரத்தில் கசிகிற தண்ணீர். காலையில் நானே இறங்கிப் பிடித்தது.

இன்ஜினீயர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தெளிவாத்தானே இருக்கு, அண்ணே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மணி நேரம் வாசலில் உட்கார வைத்தால் சேறு அடியில் படியாமல் என்ன செய்யும்?

பாட்டிலைப் பிடுங்கிக் குலுக்கினேன். தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கியது.

மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்து வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் அணை உள்ளுக்குள் கரைகிறது. இவர் இதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவர்.

அடிவாரத்துக்கு இறங்கும் படிகளை முள் மூடி இரண்டு வருடம் ஆகிறது. அணைக் காவலாளி நான், வெட்ட ஆள் கேட்டு ஏழு முறை எழுதினேன். ஒரு பயல் வரவில்லை. பார்வையிட வருகிற பெரிய மனிதர்கள் காரை விட்டே இறங்குவதில்லை.

அணைக்குக் கீழேதான் என் அக்கா வீடு. கொல்லையில் ஓடும் வாய்க்கால் பழுப்பாக வருகிறது என்று விடிந்ததும் போன் செய்தாள். சட்டை கிழியக் கிழிய இறங்கினேன். அவளோடு சேர்த்து அங்கே நானூறு குடும்பம்.

மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு இவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மனிதர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கத்திவிட்டேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திங்கட்கிழமையே அணையிலிருந்து ஜீப்பில் வந்துவிட்ட இந்த வாரக் கண்காணிப்புத் தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

கசிவு நீர் என்ற கட்டத்தில் திங்கள், தெளிவு. செவ்வாய், தெளிவு.

இன்று புதன். தெளிவு.

வியாழன், வெள்ளி, சனிக்கும் தெளிவு.

கீழே, சரிபார்த்ததாக அவர் கையெழுத்து. மேலே இருந்த எழுத்து அத்தனையும் என்னுடையது.

"இப்ப திறந்தா ரெண்டு பேருமே மாட்டுவோம், அண்ணே."

பேனாவைத் திறந்து அவர் கையில் திணித்தேன்.