மூக்கைப் பொத்திய சம்மந்தி

பாத்றூம் கதவு திறந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ரிஷாதின் தாய் ஜுனைதா, முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

பெண்ணின் தாய் நிஸ்மியாவுக்கு அந்த இடத்திலேயே பாதி உயிர் போய்விட்டது.

"என்ன ராத்தா, தொழல்லையா? பாய் விரிச்சி வச்சிருக்கன்."

ஜுனைதா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பொத்திய துணியை எடுக்காமலே மகனைப் பார்த்து வாசலைக் காட்டினாள்.

யா அல்லாஹ்! அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யவென்று உள்ளே போன மனுசி, தொழாமலே கிளம்புகிறாளே! இந்த வீட்டில் கைகால் கழுவினால் சுத்தமே சேராது என்றல்லவா அர்த்தம்?

வந்ததிலிருந்து வாய் ஓயாமல் கதைத்தவள் அவள். முறுக்கைத் தொடாமல் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் ஊறவிட்டுத் தின்றபடி, "புள்ள நல்ல வடிவு" என்று வாயார மெச்சியவள். இப்போது ஒரு ஸலாம்கூடச் சொல்லாமல் காரில் ஏறிவிட்டாள்.

இத்தனைக்கும் காலையிலிருந்து நிஸ்மியா அந்தப் பாத்றூமோடுதான் மல்லுக்கட்டினாள். தேசிக்காய் தேய்த்து டைல்ஸைக் கழுவி, கொமட்டை உரஞ்சி, பழைய சாரத் துணியால் தரையை ஒற்றி எடுத்து ஈரமில்லாமல் காயவிட்டாள். ஆனால் கரைத்தீவுக் கிணற்று உப்புத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாய்ப் படிவது கொழும்புக்காரிக்கு எப்படித் தெரியும்? அழுக்கென்றுதான் நினைத்திருப்பாள்.

கார் தெருமுனை திரும்பியதும் கணவன் மஸாஹிர் மேல் பாய்ந்தாள்.

"துடைச்சி வச்ச தரையில நீங்கதானே தண்ணியக் குளமாக்கியிருப்பீங்க? உங்களால எண்ட புள்ளைட வாழ்க்கை போச்சு!"

"நான் அந்தப் பக்கமே போகல்லயே. கிணத்தடியிலதானே கால் கழுவினன்."

மகள் றிஷ்னா வளையல்களைக் கழற்றி அலுமாரியில் வைத்தாள். அவளுக்கு ரிஷாதைப் பிடித்திருந்தது. அதுதான் நிஸ்மியாவின் நெஞ்சைப் பிசைந்தது.

ஊர்ச்சனம் சும்மா இருக்குமா? பாத்றூம் நாறினதால் பேச்சு முறிந்தது என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்காதா? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. தாயாய் இருந்து ஒரு பாத்றூமைக்கூடச் சரியாக வைக்கத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அழுதபடியே பிரஷையும் வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போனாள். பாத்றூம் வாசலில் கால் வைக்கும்போது கைப்பேசி அடித்தது. ரிஷாத்!

"சொல்லுங்க மகன்," என்றாள். "குறை நினைக்காதீங்க. எங்கட தண்ணி உப்பு, எவ்வளவு தேச்சாலும்..."

"ஐயோ, அது இல்ல மாமி. பாத்றூம் பளிங்கு மாதிரி இருந்திச்சாம். உம்மாவுக்கு உங்களோட கதைக்க வெட்கம், அதுதான் நான் எடுத்தன்."

"என்னத்துக்கு மகன் வெட்கம்?"

ரிஷாத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கொமட்டுல தண்ணி ஊத்திராதீங்க மாமி, வாய் கொப்பளிக்கக்குள்ள உம்மாட பல்லுசெட் உள்ளுக்கு விழுந்திட்டு!"